நவகோடி நாராயணன்: சிக்கதேவராஜ உடையாரின் அன்றாடச் சேமிப்பும் குண்டலுபேட்டையும்

மைசூரிலிருந்து தெற்கே செல்லும் சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வயநாட்டை நோக்கியும் மற்றொன்று ஹங்களா, பந்திப்பூர் வழியாக நீலகிரியை நோக்கியும் செல்கின்றன. கிழக்கே தெரக்கணாம்பி, சாமராஜநகர் வழியாகச் சென்றால் திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடையலாம். பழைய மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தின் வட்டத் தலைநகராக விளங்கும் இவ்வூர், மூன்று மொழி நிலங்கள் கூடும் எல்லைப்புறத்தே அமைந்தது. விசயபுரம் என்பது இதன் பழம்பெயர். விசயநாராயணர் கோயில் அப்பெயரை இன்றும் நினைவூட்டுகிறது.

சிக்கன வாழ்வு பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் அறநூல்களோடு நின்றுவிடுகின்றன. செலவைச் சுருக்கிப் பொருள் சேர்த்தலை நாள்தோறும் தவறாத நோன்பாகவே கொண்ட ஒருவர் வரலாற்றில் இருந்தாரா, அச்சேமிப்பு எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்னும் வினாக்கள் அவற்றுள் எழுவதில்லை. அவ்வினாக்களுக்கு இடந்தரும் ஒருவர் மைசூர் அரசர் சிக்கதேவராஜ உடையார் (ஆட்சிக்காலம் 1673–1704). அவருடைய இளமை குண்டலுபேட்டையை அடுத்த ஹங்களாவோடு தொடர்புடையது.

ஹங்களாவில் இருந்த இளவரசர்

1645-இல் பிறந்த சிக்கதேவராஜர், தமக்கு முன் ஆண்டவரின் காலத்தில் தலைநகராகிய சீரங்கப்பட்டணத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, தம் தந்தையோடு ஹங்களாவில் இருக்க நேர்ந்தது என்பது மரபு. எளந்தூரைச் சார்ந்த சமண அறிஞர் விசாலாட்ச பண்டிதர் அக்காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தார் என்றும், அரசு கிடைத்தால் அமைச்சுப் பதவி தருவதாக இளவரசர் அவருக்கு வாக்களித்தார் என்றும் கூறுவர். 1673 பிப்ரவரியில் அரசு கிடைத்தது, பண்டிதரும் முதலமைச்சரானார்.

தந்தையின் நினைவாகச் சிக்கதேவராஜர் குண்டலுபேட்டையில் அபரிமித பரவாசுதேவர் கோயிலை எழுப்பினார். ஒடுங்கி வாழ்ந்த ஹங்களா வாழ்க்கையே அவருக்குச் சிக்கனத்தைக் கற்பித்தது என்று கருதத் தோன்றும். அது கதைக்குப் பொருந்துமேயன்றி, அதற்குச் சான்று இல்லை.

நாளுக்கு இரண்டு பை

மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாகப் பணியாற்றிய மார்க் வில்க்சு, 1810-இல் முதல் தொகுதியாக வெளியிட்ட தென்னிந்திய வரலாற்று நூலில் இவ்வரசரின் வழக்கம் ஒன்றைக் குறித்துள்ளார். காலை வழிபாடு முடிந்தபின், ஆயிரம் வராகன் கொண்ட பைகள் இரண்டைக் கருவூலத்தில் வைத்த பின்னரே அவர் உணவு கொள்வார். பணம் வரத் தாழ்த்தால் உண்ணாமலே காத்திருப்பார். மீதியானதைச் சேமிப்பது இங்கு முறையன்று. சேமித்த பின்னரே அன்றைய நாள் தொடங்குகிறது. இல்லறத்தார் பலர் இன்றும் மேற்கொள்ள விரும்பிக் கைவிடுகின்ற ஒழுங்கு இது.

இச்சேமிப்பால் அவர் 'நவகோடி நாராயணன்' எனப் பெயர் பெற்றார் என்பர். ஒன்பது கோடிக்கு உரியவர் என்பது பொருள். இப்பெயரைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். நாளொன்றுக்கு 2,000 வராகன் வீதம் ஆண்டுக்கு 7,30,000 வராகன் சேரும். ஒரு நாளும் தவறாமல் வைத்திருப்பினும், ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டு ஆட்சியில் சேர்ந்திருக்கக்கூடியது 2 கோடியே 31 இலட்சம் வராகன் அளவே. ஒன்பது கோடி வராகன் நிரம்ப 123 ஆண்டுகள் ஆகும். ஒன்பது கோடி என்பதைப் பத்துக்கு ஒரு வராகனாகிய கண்டீரவப் பணமாகக் கொண்டாலோ, பன்னிரண்டரை ஆண்டுக்குள் அது நிரம்பிவிடும். எவ்வகையில் நோக்கினும் பட்டப்பெயரும் வழக்கமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தவில்லை.

இங்கு மற்றொரு செய்தியும் நினையத்தக்கது. 'நவகோடி நாராயணன்' என்னும் பெயர் சிக்கதேவராஜருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வாழ்ந்த புரந்தரதாசருக்கும் வழங்குகிறது. கருமியாகிய பொன் வணிகராக இருந்து, அனைத்தையும் துறந்து தாசரானார் என்பது அவர் வரலாறு. ஆகவே இது எண்ணிக் கண்ட தொகையன்று. பெருஞ்செல்வரைச் சுட்டக் கன்னட நாட்டார் கொண்டிருந்த மரபுத்தொடர் எனலாம். ஒரே பெயர் சேர்த்தவருக்கும் துறந்தவருக்கும் வாய்த்தது சுவையானதே.

சொற்களைப் பற்றியும் சிறிது கூறலாம். 'சிக்கதேவ' என்பதிலுள்ள 'சிக்க' கன்னடத்தில் 'இளைய, சிறிய' என்று பொருள்படும். தமிழ்ச் 'சிக்கன'த்தோடு அதற்கு உறவில்லை. தமிழ்ச்சொல் இறுக்கத்தையும் உறுதியையும் காட்டும் 'சிக்கென' என்பதோடு சார்த்தி நோக்கத்தக்கது. சேமிப்பைக் குறிக்கும் கன்னடச் சொல் 'உளிதாய'. அதன் அடியாகிய 'உளி' (பழங்கன்னடத்தில் 'உழி'), எஞ்சுதலைக் குறிப்பது. 'ஒழிந்தவை' என்று இலக்கண உரையாசிரியர்கள் எஞ்சியவற்றைச் சுட்டுவதோடு இது இனமாதல் தெளிவு. தமிழ்ச் 'சேமிப்பு' காவலை உணர்த்தும் 'சேம'த்தின் வழியது. ஒரு மொழி எஞ்சியதை நோக்கிப் பெயரிட, மற்றொன்று காத்ததை நோக்கிப் பெயரிட்டுள்ளது.

அரண்மனைச் செலவும் வெண்ணெய்ச் சாவடியும்

சிக்கதேவராஜரின் சிக்கனம் தனி ஒழுக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை. அது நிருவாகமாக விரிந்தது. ஔரங்கசீப்பிடம் அனுப்பிய தூது 1700-ஐ ஒட்டித் திரும்பிய பின், மொகலாய முறையைத் தழுவிப் பதினெட்டுத் துறைகள் கொண்ட 'அட்டாரக் கச்சேரி' அமைக்கப்பட்டது என்பர். அரண்மனைக்கு வேண்டிய பாலையும் வெண்ணெயையும் தருவதற்கெனப் பசுக்கூட்டங்களைத் திரட்டி, அவற்றுக்கு மேய்ச்சல் காவல்களை ஒதுக்கி அமைத்த 'பெண்ணெச் சாவடி' அவர் காலத்தது. வீட்டுச் செலவுக் கணக்கின் மிகச் சிறிய இனமாகிய வெண்ணெய்க்கு ஓர் அரசுத் துறையே அமைந்தது. திப்பு சுல்தான் காலத்தில் இது 'அமிர்த மகால்' எனப் பெயர் மாறியது. பின்னர்ப் படைக்குரிய இழுவை மாடுகளால் புகழ்பெற்ற அந்த இனத்தின் தோற்றம் அரண்மனை அடுக்களையின் தேவையில் இருக்கிறது.

இதே அரண்மனையில் இல்லறம் பற்றிய நூலொன்றும் தோன்றியது. எளந்தூரைச் சார்ந்தவரும் அரசியின் அடைப்பைப் பணிப்பெண்ணுமாகிய சஞ்சி ஹொன்னம்மா இயற்றிய 'ஹதிபதெய தர்மம்' மனைவியின் கடமைகளைச் சாங்கத்திய யாப்பில் தொகுத்துரைப்பது. அரசி தேவாஜம்மணியின் ஆதரவில் எழுந்த இந்நூல், பெண்ணைத் தாழ்த்துவோரைக் கண்டிக்கும் பகுதிக்காக இன்று பெரிதும் பேசப்படுகிறது. மனு நூல் மனைவிக்கு விதிப்பவற்றுள், செலவில் கை விரியாமையும் ஒன்று. கணவனின் வருவாய்க்குத் தக்கவாறு வாழ்பவளே துணைவி என்பது குறளின் கருத்து. வருவாய் ஒருவர் கையிலும் சிக்கனம் மற்றொருவர் கடமையாகவும் அமைந்த இப்பாகுபாடு, சிக்கதேவராஜரின் நாட்டில் அரண்மனைக்கும் குடிகளுக்கும் இடையிலும் காணப்படுகிறது. அதுவே அடுத்து நோக்க வேண்டியது.

பைகள் நிறைந்த வழி

நாள்தோறும் இரண்டாயிரம் வராகனை வெண்ணெய்ச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்க்க இயலாது. விளைவில் ஆறில் ஒரு பங்கே அரசிறை என்பது நூல்வழி வந்த வரம்பு. அதனை மீறினார் என்னும் பழி வராதிருக்க, சிக்கதேவராஜர் சிறு வரிகள் பலவற்றை விதித்தார் என்கிறார் வில்க்சு. நிலத்துக்கு வரி கட்டிய உழவன், அந்நிலத்தின் வைக்கோலுக்கும் தனியே கட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒரு வரி. கொடுத்த காசு தேய்ந்திருக்கலாம் என்னும் பெயரில் வேறொன்று. பெயரளவில் ஆறில் ஒன்று அப்படியே நின்றது. உழவனின் வீட்டுக் கணக்கில் நிற்கவில்லை.

குடிகள் எதிர்த்தனர். ஊர் வாயிலில் உள்ள மரத்தில் ஏரைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டனர் என்று வில்க்சு எழுதுகிறார். உழ மாட்டோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான மடல் வேண்டியதில்லை. குண்டலுபேட்டைக்கு வடக்கே மைசூர்ச் சாலையில் உள்ள நஞ்சன்கூட்டுக்கு, எதிர்ப்பைத் தூண்டியவர்களாகக் கருதப்பட்ட சங்கமத் துறவியர் நானூற்றுவர் அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர் என்பதும் அவர் கூற்று. வில்க்சு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில், வாய்மொழிச் செய்திகளையும் சார்ந்து எழுதியவர் ஆதலின், இந்நிகழ்ச்சியை அவ்வாறே ஏற்கத் தயங்குவோர் உள்ளனர். ஆயினும் மைசூர் அரசரின் வரிக் கொடுமையும் அதனால் எழுந்த கலகமும் அது அடக்கப்பட்ட கடுமையும், மதுரைப் பணியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியரின் 1686-ஆம் ஆண்டு மடலிலும் இடம்பெறுகின்றன. எண்ணிக்கை ஐயத்துக்குரியது, கலகம் அத்தகையதன்று. அதே ஆண்டில் விசாலாட்ச பண்டிதர் கொலையுண்டார். ஹங்களாவில் தொடங்கிய நட்பு அவ்வாறு முடிந்தது. அவருக்குப்பின் திருமலையார்யர் என்னும் வைணவ அறிஞர் முதலமைச்சரானார்.

தமிழறிஞர்க்கு இங்குப் புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு உரைத்த உவமை தோன்றாதிராது. அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறுநிலத்து நெல்லும் யானைக்குப் பல நாளைக்குப் போதும். யானை தானே வயலுள் புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பது மிகுதி என்பது அதன் கருத்து. சிக்கதேவராஜர் யானையை வயலுக்குள் விடவில்லை. கவளங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்.

சேமிப்பு வாங்கியது

சேர்த்த பொருள் வீணே கிடந்தது என்றும் கூறிவிட இயலாது. தஞ்சை மராட்டிய அரசர் ஏகோசி, தமக்கு நெடுந்தொலைவில் இருந்த பெங்களூரை மூன்று இலட்சம் ரூபாய்க்கு விற்க முன்வந்தார். பேச்சு முடியுமுன் 1687 சூலையில் மொகலாயத் தளபதி காசிம்கான் அவ்வூரைக் கைப்பற்றி, அதே தொகைக்குச் சிக்கதேவராஜரிடம் விட்டார். பிற்காலக் கணக்கின்படி ஒரு வராகன் ஏறத்தாழ மூன்று ரூபாய். அவ்வாறு கொண்டால் பெங்களூரின் விலை ஒரு இலட்சம் வராகன். அதாவது, ஐம்பது நாள் சேமிப்பு. கையில் ரொக்கம் இருந்தவருக்கே அவ்வேளையில் அவ்வாய்ப்புக் கிட்டியது. காவிரியிலிருந்து பிரிந்து அவர் பெயரால் வழங்கும் சிக்கதேவராஜ சாகரக் கால்வாயும் அவருடைய செலவுகளுள் நினைக்கத்தக்கது. சேலம், நாமக்கல் பகுதிகள் வரை பரவிய கொங்குப் போர்களும் திருச்சிராப்பள்ளி முற்றுகைகளும் மறுபுறம் நிற்கின்றன.

இல்லறத்துச் சிக்கனத்துக்கு மேற்கோளாக மேடைகளில் எடுத்தாளப்படும் குறள்கள் சில 'வலியறிதல்' அதிகாரத்தின் இறுதியில் உள்ளவை. வரவு சிறிதாயினும் செலவு பெருகாதாயின் கேடில்லை என்பது அவற்றுள் ஒன்று. இவ்வதிகாரம் அரசியலில் வைக்கப்பட்டுள்ளது என்பதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அக்கருத்து முதற்கண் அரசனை நோக்கியது. 'இறைமாட்சி'யில் அரசனுக்கு வள்ளுவர் வகுக்கும் பொருட்பணி நான்கு: பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், தொகுத்தல், காத்தல், பகுத்தளித்தல். சிக்கதேவராஜர் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தம் காலத்துத் தென்னாட்டு அரசர் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். கால்வாயைக் கருதின் முதலாவதிலும் அவருக்குப் பங்குண்டு. நான்காவதில் அவர் கணக்கு மெலிகிறது. ஏர் தொங்கிய ஊர்களுக்குக் கருவூலத்திலிருந்து திரும்பிச் சென்றது சிறிதே.

கருவூலத்தின் முடிவு

1704 நவம்பரில் சிக்கதேவராஜர் மறைந்தார். அவருக்குப்பின் வந்த மகன் இரண்டாம் கண்டீரவ நரசராஜர் பேசும் திறனற்றவர். அதிகாரம் தளவாய்களின் கைக்கு நகர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தேவராஜர், நஞ்சராஜர் என்னும் உடன்பிறந்தார் ஆட்சியை நடத்தினர். 1752 முதல் 1755 வரை திருச்சிராப்பள்ளியைப் பெறும் ஆசையில் நஞ்சராஜர் பெரும் படையோடு காவிரிக்கரையில் தங்கி, முகம்மது அலிக்கும் மராட்டியர்க்கும் பொருளை வாரி இறைத்தார். ஊர் கிட்டவில்லை. 1755-இல் சலாபத் சங்கும் புசியும் சீரங்கப்பட்டணத்தின் முன் வந்து நின்று ஐம்பத்தாறு இலட்சம் ரூபாய் கேட்டபோது, நவகோடி நாராயணனின் கருவூலத்தில் அது இல்லை. கோயில்களின் பொன் வெள்ளிக் கலங்களையும் அரச குடும்பத்து அணிகலன்களையும் திரட்டியும் ஒரு பகுதியே தேறியது. 1758-இல் சம்பள நிலுவைக்காகப் படைவீரர் அமைச்சரின் வாயிலில் தருணா இருந்தனர். அந்நிலுவையைத் தீர்த்து வைத்தவர் ஐதர் அலி. ஆட்சி அவர் கைக்கு மாறுவதற்கு அதுவே ஒரு படியாயிற்று.

சேமித்தவர் மறைந்து ஐம்பத்தோராண்டில் பைகள் ஒழிந்தன. குண்டலுபேட்டையில் தந்தைக்கென அவர் எழுப்பிய பரவாசுதேவர் கோயில் பற்றிய செய்திகள், கருநாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் இவ்வட்டத்துக்குரிய பகுதியைத் துணைகொண்டு விரிவாக ஆராயத்தக்கன. அக்கோயிலுக்கும் அதனைச் சார்ந்த அந்தணர்க்கும் விடப்பட்ட நிலங்கள் எவை, அவற்றுக்கு வைக்கோல் வரியும் மனைவரியும் தள்ளப்பட்டனவா, தள்ளப்பட்டிருப்பின் அச்சுமை அண்டை ஊர்களின் எக்குடிகள் மீது ஏறியது என்பன அவ்வாய்வு தொடங்க வேண்டிய இடங்கள்.