சங்கம் கைவிட்டவர் எங்கே போவது?

மோகனூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர், காவிரிக்கரை. நமக்கு அது கரும்புக் காடும் கூட்டுறவு சர்க்கரை ஆலையும். கரும்பு வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் எந்த ஆலையின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. மேஸ்திரியின் நோட்டில்தான் இருக்கிறார்கள். 'நாளையிலிருந்து வராதே' என்று அவர் சொன்னால் வேலையும் போயிற்று, பாக்கிக் கூலியும் போயிற்று. அந்த ஆள் எங்கே போய்க் கேட்பது?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் முதலில் தனி ஆளுக்கு வழிவிடவில்லை. ஒருவரை வேலைநீக்கம் செய்தால், சங்கமோ சக தொழிலாளர்கள் பலரோ அவருக்காக நின்றால்தான் அது 'தொழில் தகராறு'. 1957இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. கூட்டு பேரத்தைக் காக்க இது தேவை என்று வாதிட்டார்கள். நியாயம்தான். ஆனால் சங்கத் தலைமையே ஊர்த்தெருவிலிருந்து வரும்போது, சேரியிலிருந்து வேலைக்குப் போனவருக்காக எத்தனை கை உயரும்?

இது நம் கற்பனை அல்ல. பம்பாய் பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்க்கவிடாமல் தடுத்தவர்கள் சக தொழிலாளர்கள். நூல் அறுந்தால் வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டும், அதனால் தீட்டாம்! 1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசிய அண்ணல் அம்பேத்கர், தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு என்றார்: பார்ப்பனியம், முதலாளித்துவம். சங்கங்கள் இரண்டாவதை மட்டுமே பார்த்தன. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அவர்தான் 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். 1948இல் அது சட்டமானது.

வேலைநீக்கத்துக்கான கதவு 1965 டிசம்பரில் திறந்தது. 2ஏ என்ற புதிய பிரிவின்படி, சங்கம் வராவிட்டாலும் ஒருவரின் வேலைநீக்கம் தொழில் தகராறுதான். ஆனாலும் அரசு அனுப்பினால்தான் வழக்கு நீதிமன்றம் போகும். தமிழ்நாடு 1988இல் செய்த திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது: சமரசம் தோற்றால் தொழிலாளியே நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம்.

பாக்கிக் கூலிக்கான விதி இதைவிடப் பழையது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, நீக்கப்பட்டவருக்கு இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் கணக்குத் தீர்க்கச் சொன்னது. அது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தவில்லை, வயல் கூலிக்கு எட்டவும் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதே இரண்டு நாள் கெடுவை வைத்திருக்கிறது. கூலி கேட்டு மனுப்போட மூன்று ஆண்டு அவகாசம். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இந்தத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். அதற்காக இந்த மூன்றையும் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. 'இவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை' என்பார்கள். அதை உடைக்க வேண்டியது நாம். மேஸ்திரி நோட்டின் பக்கம், எடைச்சீட்டு, லாரி எண், முன்பணம் வந்த செல்பேசிக் குறுஞ்செய்தி, கூட வெட்டிய இருவரின் வாக்குமூலம். வெட்டு நடக்கும்போதே இவற்றைத் திரட்ட வேண்டும். விரட்டிய பிறகு போனால் நோட்டு இருக்காது.