சூதாட்டம் ஒரு தொழிலாகுமா?

நாள்தோறும் சீட்டாடி, அதில் வரும் பணத்தைக் கொண்டே குடும்பம் நடத்த முடியுமா? ‘அதிர்ஷ்டத்தை நம்பினால் முடியாது, திறமை இருந்தால் முடியும்’ என்று சொல்வோர் உண்டு. இந்தக் கேள்வியில் தலையிட்டவர்களுள் சிலர் தலைசிறந்த கணித அறிஞர்கள். அவர்கள் கண்ட விடையை வரலாற்றின் வழியே பார்ப்போம்.

கார்டானோவின் கதை

இத்தாலியில் 1501-இல் பிறந்த ஜெரோலாமோ கார்டானோ புகழ் பெற்ற மருத்துவர். முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை 1545-இல் நூலில் வெளியிட்ட கணித மேதை. மாணவப் பருவத்தில் கைப்பணம் கரைந்தபோது, சூதாடிப் பொருள் ஈட்டியே படிப்பைத் தொடர்ந்தார். இரண்டு பகடைகள் 36 வகையில் விழலாம், மூன்று பகடைகள் 216 வகையில் விழலாம் என்று எண்ணிக் காட்டினார். அவருடைய பகடை நூல், அவர் இறந்து 87 ஆண்டுகள் கழித்து 1663-இல்தான் அச்சேறியது.

இத்தனை அறிந்தவர் செல்வந்தர் ஆனாரா? இல்லை. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. மிலான் நகரின் ஏழையர் விடுதியில் தஞ்சம் புகவும் நேர்ந்தது. சூதாட்டத்தால் பெயரையும் பொருளையும் காலத்தையும் இழந்ததாகத் தன்வரலாற்றில் அவரே வருந்துகிறார். காரணம் எளிது. எது நியாயமான பந்தயம் என்று கணக்கு காட்டும். பகடையை நமக்குச் சாதகமாக விழச் செய்யாது.

சிறு சாதகம், பெரும் விளைவு

ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் 1657-இல் ஒரு புதிரை வெளியிட்டார். இருவரிடம் ஆளுக்கு 12 காசுகள். மூன்று பகடைகளை உருட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 14 வந்தால் இரண்டாமவர் முதலாமவருக்கு ஒரு காசு தர வேண்டும்; 11 வந்தால் முதலாமவர் இரண்டாமவருக்குத் தர வேண்டும். ஒருவர் கை காலியாகும்வரை ஆட்டம் நடக்கும். 216 வகைகளில் 14 வருவது 15 வகை. 11 வருவது 27 வகை. வேறுபாடு இரு மடங்குகூட இல்லை. ஆனால் முடிவில் முதலாமவர் வெல்லும் வாய்ப்பு 1 என்றால், இரண்டாமவருக்கு ஏறத்தாழ 1,157!

சூதாட்ட விடுதிகளின் வருமான இரகசியம் இதுவே. அமெரிக்காவில் ஆடப்படும் ரூலெட் என்னும் சுழல்சக்கரத்தில் வழக்கமாக 38 குழிகள் இருக்கும். நாம் கட்டிய எண்ணில் குண்டு விழுந்தால் 35 மடங்குதான் தருவார்கள். கட்டும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5 டாலருக்கு மேல் விடுதிக்கே சேரும். விடுதிக்கு அவசரம் இல்லை. ஆட்டம் நடந்துகொண்டே இருந்தால் போதும்.

விடுதியை வென்றவர்

இந்தச் சாதகத்தை ஆடுபவர் பக்கம் திருப்ப முடியும் என்று காட்டியவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்டு தார்ப். பிளாக்ஜாக் என்னும் ‘இருபத்தொன்று’ ஆட்டத்தில், போட்ட சீட்டுகள் கட்டுக்கு உடனே திரும்புவதில்லை. ஆகவே மீதமுள்ள சீட்டுகளைப் பொறுத்து வாய்ப்பும் மாறுகிறது. ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறியின் உதவியால் அவர் கண்டது இது: நான்கு ஐந்துகளும் வெளியேறிவிட்டால், ஆடுபவருக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு சாதகம் உண்டு. அப்போது அதிகமாகவும், மற்ற வேளைகளில் குறைவாகவும் பணம் கட்டினால் போதும்.

1961-இல் பிறர் தந்த 10,000 டாலர் முதலுடன் நெவாடா மாநிலத்துக்குச் சென்ற தார்ப், சில நாட்களில் 11,000 டாலர் வென்றார். 1962-இல் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார்.

விடுதிகள் சும்மா இருக்குமா? 1964-இல் லாஸ்வேகாஸ் விடுதிகள் விதிகளைக் கடுமையாக்கின. கூட்டம் குறையவே, சில வாரங்களில் பழைய விதிகளுக்கே திரும்பின. வெல்ல முடியும் என்று நம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்! பிறகு பல கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தார்கள்; சீட்டு எண்ணுபவர் என்று ஐயம் எழுந்தால் வெளியேற்றினார்கள்.

சாதகம் இருந்தும் போதாது

வெளியேற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 1 விழுக்காடு சாதகத்தோடு ஆட்டத்துக்கு 10 டாலர் வீதம் 10,000 முறை ஆடினால், எதிர்பார்க்கும் இலாபம் 1,000 டாலர். ஆனால் தற்செயலால் ஏற்படும் ஏற்றத்தாழ்வும் ஏறக்குறைய அதே அளவு. சரிசமமாக வென்று தோற்கும் எளிய பந்தயத்தில்கூட, இத்தனை ஆட்டத்துக்குப் பின்னும் ஏறத்தாழ ஆறில் ஒருவர் நட்டத்தில் நிற்பார். அதுவரை தாங்கக் கைமுதல் வேண்டும். ஒரு தவறும் செய்யாத பொறுமை வேண்டும்.

திறமையால் சூதில் வெல்ல முடியும் என்பது உண்மையே. ஆனால் நிலையான வருமானத்துக்குச் சாதகம், முதல், நீண்ட காலம் ஆகிய மூன்றோடு, தோற்பவர் தொடர்ந்து ஆடச் சம்மதிக்கவும் வேண்டும். அந்தச் சம்மதம் நம் கையில் இல்லை. வெல்லும் வழியைக் கண்டுபிடித்த தார்ப்கூட அதை நம்பித் தம் பேராசிரியர் வேலையை விட்டுவிடவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.