ஜெனோவா: கடன் கொடுத்தவர்கள் ஆண்ட நகரம்

பி.காம். முதல் வருடத்தில் இரட்டைப் பதிவு முறை பாடம் தொடங்கும்போதே லூக்கா பாசியோலி என்ற பெயர் வந்துவிடும். 1494ல் வெனிஸில் அச்சான அவருடைய புத்தகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு 150 வருடங்களுக்கு முன்பே அந்த முறையில் கணக்கு எழுதிய ஊர் ஒன்று உண்டு. இத்தாலியின் வடமேற்கில், லிகூரியா மாநிலத்தின் தலைநகரான ஜெனோவா.

அந்த நகர அரசின் 1340ஆம் வருடப் பேரேடு இன்றும் இருக்கிறது. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. அதில் மிளகுக்கென்றே ஒரு தனிக் கணக்கு! (அந்தக் காலத்து மிளகு பெரும்பாலும் கேரளக் கரையில் விளைந்ததுதான்.) வேடிக்கை என்னவென்றால், அந்த மிளகை அரசு நஷ்டத்துக்கு விற்றிருக்கிறது. கடனுக்கு வாங்கி, உடனே ரொக்கத்துக்கு விற்றால் அவசரத்துக்குப் பணம் கிடைக்கும், நஷ்டம்தான் அதற்கு வட்டி என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். திருச்சபை வட்டியைப் பாவம் என்று சொன்ன காலம் அல்லவா!

இப்படிக் கடன் வாங்கும் அவசரம் ஏன்? பின்னால் மலை, முன்னால் கடல். விவசாய நிலம் குறைவு. கப்பல்தான் பிழைப்பு, அதே கப்பலால் வெனிஸோடு ஓயாத போர். போருக்கு வாங்கிய கடன் மலையாய்க் குவிந்தது. 1407ல் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சான் ஜார்ஜோ என்ற அமைப்பானார்கள். கடனுக்கு ஈடாக சுங்க வரி, உப்பு வரி என்று அரசின் வருமானம் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போனது. கடன் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்குக்கு வட்டி நிலையாக இல்லை. வரி வசூலைப் பொறுத்து ஏறும், இறங்கும். இன்றைய டிவிடெண்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

1453ல் கோர்சிகா தீவையே அரசு இவர்களிடம் ஒப்படைத்தது. 1562 வரை ஒரு கடன் நிறுவனம் ஒரு தீவை ஆண்டது! அரசை விட சான் ஜார்ஜோவின் நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறது என்று மாக்கியவெல்லி வியந்து எழுதினார். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆட்சியில் யார் வந்தாலும் வரி எங்கே போகிறது என்பது மாறவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1557க்குப் பிறகு இந்த ஊர் வங்கிக்காரர்கள் ஸ்பெயின் மன்னருக்கே கடன் கொடுத்தார்கள். அமெரிக்க வெள்ளியில் பெரும்பங்கு ஜெனோவா வழியாகப் புரண்டது. 1627ல் ஸ்பெயின் மறுபடி கைவிரித்ததோடு அந்தப் பொற்காலம் மங்கியது. 1805ல் ஜெனோவாவை நெப்போலியன் பிரான்சோடு சேர்த்தபோது சான் ஜார்ஜோவும் மூடப்பட்டது. அதன் மாளிகையில் இன்று துறைமுக நிர்வாகம் இயங்குகிறது.

பிற்காலத்தில் எஃகும் கப்பல் கட்டுதலும் ஊரைத் தாங்கின. 1970களின் தொடக்கத்தில் 8 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, ஆலைகள் சுருங்கச் சுருங்க 6 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. துறைமுகம் மட்டும் இத்தாலியின் மிகப் பெரியவற்றில் ஒன்றாக நிற்கிறது.

அந்தத் துறைமுகத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருந்த மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். சுங்கம் வசூலிக்கும் உரிமையும் பராமரிக்கும் பொறுப்பும் 1999ல் தனியார்மயமான ஒரு நிறுவனத்திடம் இருந்தன. வசூல் யாருக்கு, பராமரிப்பு யாருக்கு என்ற சண்டை பல வருடம் நடந்தது. 2022ல் அரசு நிதி நிறுவனம் தலைமையிலான குழு அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே இடத்தில் ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய பாலம் 2020ல் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர், சான் ஜார்ஜோ.