மெய்நிகர் வட்டுக்கான கட்டளைச் சொற்கள்: ஒரு பரிந்துரையின் ஆயுள்

மெய்நிகர் கணினிக்கு வட்டு அமைக்க வேண்டுமெனில் 'இந்த வரியை அப்படியே இடுக' என்னும் பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆய்வகங்களில் அவை மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குக் கைமாறுகின்றன. அவ்வாறு கைமாறும்போது வரி மட்டுமே வந்து சேர்கிறது. அது எந்தப் பதிப்புக்காக, எந்த இடரைத் தவிர்க்க எழுதப்பட்டது என்ற செய்தி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இந்த உதிர்வின் விலை என்ன என்பதைக் கியூஎமு என்னும் கட்டற்ற மென்பொருளின் வட்டுத் தெரிவுகளுடைய வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பிரான்சு நாட்டு நிரலாளர் ஃபப்ரீஸ் பெல்லார்டு 2003-இல் கியூஎமுவை வெளியிட்டார். அதன் தொடக்ககால வட்டுத் தெரிவு 'ஹெச்டிஏ'. ஐடிஇ வகையின் முதல் வட்டுக்கு லினக்ஸ் அன்று வழங்கிய பெயரே அது. எந்தக் கோப்பு வட்டாகிறது என்பதை மட்டும் பயனர் சொன்னார்; எவ்வகை இணைப்பு, எத்தனையாவது இடம் ஆகியவை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தன. 'வந்தான்' என்பதிலுள்ள 'ஆன்' விகுதி உயர்திணை, ஆண்பால், ஒருமை, படர்க்கை என்னும் நான்கையும் ஒருங்கே உணர்த்துவதை ஒத்தது இது. சுருக்கம் இருந்தது, ஆனால் ஒன்றை மட்டும் பிரித்து மாற்ற வழியில்லை.

மாற்ற வேண்டிய தேவை விரைவில் எழுந்தது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கர்னல் 2.6.20 பதிப்பில் கேவிஎம் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு சனவரியில் வந்த 2.6.24, ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்டியோவைக் கொண்டுவந்தது. உண்மையான வன்பொருளைப் போல நடிக்காமல், தான் மெய்நிகர்ச் சூழலில் இயங்குவதை விருந்தினர் இயங்குதளம் அறிந்தே செயற்படும் முறை அது. ஐடிஇ தவிர வேறு இணைப்புகளையும் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. 2008 சனவரியில் வெளிவந்த கியூஎமு 0.9.1 பதிப்பின் 'டிரைவ்' தெரிவு அத்தேவையை நிறைவேற்றியது. கோப்பு, இணைப்பு வகை, கேச் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயரும் மதிப்புமாகப் பிரிந்தன.

ஆயினும் சொல்லாமல் விடப்பட்ட ஒன்று இடராக முடிந்தது. வட்டுக்கோப்பின் வடிவம் கூறப்படாவிடில், கோப்பின் தலைப்பகுதியைப் படித்து மென்பொருள் தானே ஊகித்துக்கொள்ளும். 'ரா' வகைக் கோப்பிலோ, அத்தலைப்பகுதியில் எழுதும் உரிமை விருந்தினருக்கே உண்டு. அவர் அங்கே வேறொரு வடிவத்தின் தலைப்பை எழுதி, அடிப்படைக் கோப்பாகப் புரவலர் கணினியின் கோப்பொன்றைச் சுட்டிவிட்டால், அடுத்த தொடக்கத்தில் அக்கோப்பின் உள்ளடக்கம் அவருக்கு வட்டாகத் திறந்துவிடும். சிவிஇ-2008-2004 என்னும் எண்ணில் பதிவான குறைபாடு இதுவே. 'ஃபார்மட்=ரா' என்று வெளிப்படையாக எழுதுக என்னும் பரிந்துரை இங்கிருந்து பிறந்தது. பின்னாள் பதிப்புகள் ஊகிக்க நேர்ந்தால் எச்சரிக்கின்றன. முதல் தொகுதியில் எழுதுவதையும் கட்டுப்படுத்துகின்றன. காரணம் அறியாதவர் கண்ணுக்கு இவ்விரு சொற்களும் மிகையாகத் தோன்றும்; நீக்கினால் பழைய ஊகம் மீண்டும் தொடங்கும்.

கேச் பற்றிய பரிந்துரைகளின் வரலாறு இன்னும் சிக்கலானது. 0.9.1 பதிப்பில் அதற்கு 'ஆன்', 'ஆஃப்' என்னும் இரண்டே மதிப்புகள். 2009-இல் வந்த 0.10 பதிப்பு அவற்றை 'நன்', 'ரைட்பேக்', 'ரைட்த்ரூ' என மூன்றாக்கி, 'ரைட்த்ரூ'வை இயல்பிருப்பாகக் கொண்டது. தரவு வட்டில் உறுதியாகப் பதிந்த பின்னரே 'எழுதியாயிற்று' என்று விருந்தினருக்குத் தெரிவிப்பது அதன் இயல்பு. பாதுகாப்பு மிகுதி, வேகம் குறைவு. கியூகவ்2 வடிவத்தில் இவ்வேகக் குறைவு பெரிதாக இருந்தமையால், சரியாகப் பதிவதைவிட வேகமே முதன்மை எனில் 'ரைட்பேக்' இடலாம் என்று ஆவணமே வழிகாட்டியது. விருந்தினரின் 'ஃபிளஷ்' ஆணையை மதித்து நடத்தும் ஏற்பாடு முதிர்ந்த பின்னர், 2012-இல் வந்த 1.2 பதிப்பில் 'ரைட்பேக்' இயல்பிருப்பாயிற்று. ஆகவே 'ரைட்பேக் ஆபத்தானது' என்னும் பழைய எச்சரிக்கை அன்று மெய். இன்று அதே சொற்களில் கூறினால் பாதி மெய்.

இவற்றுள் பெயராலேயே மயக்கம் தருவது 'நன்'. கேச் எதுவுமே இல்லை, எனவே இதுவே மிகப் பாதுகாப்பானது என்று பலர் கொள்கின்றனர். உண்மையில் அது புரவலரின் பக்க நினைவகத்தை மட்டுமே தவிர்க்கிறது. வட்டுக்கருவியின் உள்ளிருக்கும் கேச் இயங்கிக்கொண்டேயிருக்கும். 'ஃபிளஷ்' ஆணை அனுப்பாத பழைய விருந்தினர் இயங்குதளத்தில் மின்வெட்டு நேர்ந்தால் தரவு இழப்பு நேரலாம். 2010-இல் சேர்ந்த 'அன்சேஃப்' இதற்கு மாறாகத் தன் பெயரிலேயே உண்மையைச் சொல்கிறது: அது 'ஃபிளஷ்' ஆணைகளைப் பொருட்படுத்துவதில்லை. பின்னர் இம்மதிப்புகளை 'ரைட்பேக்', 'டைரக்ட்', 'நோ-ஃபிளஷ்' என்னும் மூன்று தனிக் கேள்விகளாகப் பகுத்தனர். அப்பகுப்பின்படி 'நன்' என்பதன் பொருள், முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதற்கு இல்லை என்பதே.

பிரித்துரைக்கும் இப்போக்கு மேலும் தொடர்ந்தது. விருந்தினர் காணும் கருவியைக் குறிக்கும் 'டிவைஸ்' 2009 இறுதியில் 0.12 பதிப்புடன் வந்தது. புரவலர் பக்கத்துச் சேமிப்பைக் குறிக்கும் 'பிளாக்டெவ்' 2017-இல் 2.9 பதிப்புடன் வந்தது. 2020-இல் 5.0 பதிப்பு, ஐஓ_யூரிங் என்னும் புதிய உள்ளீட்டு-வெளியீட்டு முறையைச் சேர்த்தது. அதற்கான மூலநிரல் கோப்பு 2019-ஆம் ஆண்டையும் ஆருஷி மேத்தா என்னும் பெயரையும் தாங்கியுள்ளது. 'ஹெச்டிஏ' ஒரே சொல்லில் அடக்கியதைப் பதினான்கு ஆண்டுகளில் இரு தெரிவுகளும் பல பண்புகளுமாக விரித்தெழுத வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைக்குப் பொருந்தும் பரிந்துரைகள் சில பெறப்படுகின்றன. வட்டின் வடிவத்தை எப்போதும் வெளிப்படையாக எழுதுக. விருந்தினர் இயங்குதளம் ஏற்குமெனில் விர்ட்டியோவைத் தேர்க. 'ஏஐஓ=நேட்டிவ்' இடுவோர் 'டைரக்ட்' பண்பையும் உடன் இடுக; 'டைரக்ட்' இன்றி 'ஏஐஓ=நேட்டிவ்' இயங்காது. மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய சோதனை வட்டுகளுக்கு மட்டும் 'அன்சேஃப்' போதும். களப்பணி ஒலிப்பதிவுகளோ, ஆண்டுக்கணக்கில் திருத்திய சொற்றொகுதியோ இருக்கும் வட்டுக்கு அது கூடாது.

இவையும் காலத்துக்கு உட்பட்டவையே. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கட்டளை வரியைச் சேர்ப்போர், அருகிலேயே மென்பொருள் பதிப்பெண், ஆண்டு, ஒவ்வொரு தெரிவுக்குமான காரணம் ஆகியவற்றையும் ஓரிரு வரிகளில் குறித்தல் வேண்டும். கல்வெட்டின் வாசகத்தை மட்டும் படியெடுத்து, கிடைத்த இடத்தையும் காலத்தையும் குறிக்காமல் விட்ட படி ஆய்வுக்கு எவ்வளவு உதவுமோ, காரணம் இழந்த கட்டளை வரியும் அவ்வளவே உதவும்.