கடவுளிடமே புகார்: இந்தி சினிமாவின் கேள்வி கேட்கும் பக்திப் பாடல்கள்

மெட்டைக் கேட்டால் பஜனை. வரிகளைக் கவனித்தால், மதத்தின் பெயரால் நடக்கும் மோசடி மீது புகார். இந்தி சினிமாவில் இந்த வகைப் பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு.

1954, 'நாஸ்திக்': பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரை இழந்தவனின் கதை. 'தேக் தேரே சன்சார் கி ஹாலத்' பாட்டை எழுதிப் பாடியவர் கவி பிரதீப், இசை சி. ராமச்சந்திரா. உன் உலகம் எப்படி ஆகிடுச்சு பார் என்று கடவுளிடம் முறையிடும் பாட்டு, ராமர் பக்தர், ரஹீம் அடியார் என இரு தரப்பையும் சாடுகிறது.

2012, 'ஓ மை காட்': கைலாஷ் கேர் பாடிய 'மேரே நிஷான்'. இதில் கடவுளே தன் அடையாளத்தைத் தேடுகிறார்.

2014, 'பிகே': சோனு நிகம் பாடிய 'பகவான் ஹை கஹான் ரே தூ'. தொலைந்த ரிமோட்டுக்காக வேற்றுக்கிரகவாசி கடவுளைத் தேடி அலைகிறான். படத்துக்குத் தடை கேட்டுப் போராட்டங்களும் நடந்தன.

ஏன் பக்தி மெட்டு?

வெளியாள் கேட்டால் 'நாத்திகன்' என்று ஒதுக்கிடலாம். பக்தனே கேட்டால்? பண்டிதர், முல்லா இருவரையும் கேள்வி கேட்ட கபீரின் வழி இது. 'ஜெய் சந்தோஷி மா' (1975) பக்திப் பாடல்களை எழுதியவரும் இதே பிரதீப்தான். அவர் சாடியது கடவுளை அல்ல, கடவுள் பெயரில் ஏமாற்றுபவர்களை.