வேகமாக ஓடும் துணைவருடன் நெடுந்தூர ஓட்டப் பயிற்சி: மெதுவாக ஓடுபவர் அறிய வேண்டியவை

அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர், முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். கணவனும் மனைவியும் ஒரே போட்டிக்குப் பெயர் கொடுத்தாலும், இருவரின் உடலும் ஒரே சுமையைத் தாங்குவதில்லை. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எடுப்பவர் அரை மாரத்தானை ஏறத்தாழ 2 மணி 7 நிமிடத்தில் முடிப்பார். 8 நிமிடம் எடுப்பவருக்கு 2 மணி 49 நிமிடம் ஆகும். காலை 5 மணிக்குத் தொடங்கினால், அந்தக் கூடுதல் 42 நிமிடமும் வெயில் ஏறிய பிறகே வருகிறது. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது, உடல் குளிர்வதும் குறையும். எனவே மெதுவாக ஓடுபவருக்கெனத் தனித் திட்டம் தேவை.

பயிற்சிக்கு முன்

இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் (ஒரு டெசிலிட்டருக்கு) குறைவாக ஹீமோகுளோபின் இருப்பது இரத்தசோகை. விரைவில் களைத்துப் பின்தங்குவதற்கு இதுவும் காரணமாகலாம். நெஞ்சுவலி, மயக்கம், இதயநோய் இருந்தவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்கக் கூடாது.

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள், ஓடும் நாளுக்குரிய மருந்தளவை மருத்துவரிடம் கேட்டறியவும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது ஆபத்து. குளுக்கோஸை உடன் வைத்திருக்கவும்.

உங்களுக்கு ஏற்ற வேகம்

ஓடும்போது முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால் அது தகுந்த வேகம். ஓரிரு சொற்களுக்கே மூச்சு வாங்கினால், துணைவரின் வேகத்தைத் துரத்துகிறீர்கள் என்று பொருள். பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு உயர்வது குறைவு. கடிகாரம் காட்டும் எண்ணைவிடப் பேச்சே அவர்களுக்கு நம்பகமான அளவுகோல்.

சேர்ந்து பயிற்சி செய்யும் முறை

தூரத்தை விட்டு நேரத்தை அளவாகக் கொள்ளுங்கள். இருவரும் ஓரிடத்தில் தொடங்கி, அவரவர் வேகத்தில் 40 நிமிடம் ஓடித் திரும்புங்கள். முன்னவர் 6.7 கிலோமீட்டரிலும், பின்னவர் 5 கிலோமீட்டரிலும் திரும்புவர்; அதே வேகத்தில் ஓடினால் தொடங்கிய இடத்தை இருவரும் ஒன்றாக வந்தடைவர். வாரத்தில் ஒரு நாள் மெதுவாக ஓடுபவரின் வேகத்தில் சேர்ந்து ஓடலாம். வேகமானவருக்கு அது இளைப்பாறும் ஓட்டமாகும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை செல்லும் சாலையில் நிழல் இல்லை. குடிநீரை எடுத்துச் செல்லவும். காற்று பின்னிருந்து வீசும்போது ஓட்டம் எளிதாகத் தோன்றும், ஆனால் உடல் குளிர்வது குறையும். திரும்பும்போது அதே காற்று எதிர்க்கும். வாகனங்கள் மிகுந்த பாம்பன் சாலைப் பாலத்தைப் பயிற்சிக்குத் தவிர்க்கவும்.

தண்ணீர்: குறைவும் தீது, மிகையும் தீது

2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியவர்களிடமும், 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் இது மிகுதியாகக் காணப்பட்டது. மெதுவாக ஓடுபவருக்கு நீர் அருந்தும் வாய்ப்பும் நேரமும் அதிகம். தாகத்துக்கு ஏற்ப அருந்துங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறி அருந்தியுள்ளீர்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல்
• குழப்பமான பேச்சு, தள்ளாட்டம்
• தொடர் வாந்தி, கடும் தலைவலி, கைவிரல் வீக்கம்

108 ஆம்புலன்சை அழைக்கவும். உடல் கொதித்து, பேச்சும் குழம்பினால் வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். வியர்வை வழிந்தாலும் அது நேரும். நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்கவும். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது.

துணைவரின் கடமை

முன்னே ஓடி முடிப்பவர், பின்வருபவர் வரும்வரை முடிவிடத்தில் காத்திருக்க வேண்டும். அவர் எடுக்கும் மருந்துகளின் பட்டியலை உடன் வைத்திருக்கவும். வழியில் நிற்க அவர் முடிவெடுத்தால், தொடருமாறு வற்புறுத்தாதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு கண்ட நாளில் இருவரும் ஓட்டத்தைத் தவிர்க்கவும். ஐயம் இருப்பின் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும்.