இரண்டாம் தீர்ப்பின் சுமை

மணமுறிவு என்னும் சொல்லை உச்சரிக்கவும் நம் இல்லங்கள் தயங்குகின்றன. திருமணம் மனிதர் பிரிக்கலாகாத அருட்சாதனம் என்னும் நம்பிக்கையே அத்தயக்கத்தின் வேர். ஆயினும், கொடுமைக்கு ஆளாகி வேறு வழியின்றி நீதிமன்றப் படியேறிய கிறிஸ்தவப் பெண்ணிடம் சட்டம் என்ன விலை கேட்டது என்னும் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

நமது மணமுறிவுச் சட்டத்தின் தாயகம் இங்கிலாந்து. 1857க்கு முன் அங்கே மணமுறிவு நாடிய கணவர், முதலில் இங்கிலாந்துத் திருச்சபையின் நீதிமன்றத்தில் பிரிந்து வாழ அனுமதி பெறவேண்டும். மனைவியோடு தவறிய ஆடவன்மீது நட்டஈட்டு வழக்கு நடத்தவேண்டும். அதன் பின் நாடாளுமன்றத்தில் தமக்கென ஒரு தனிச்சட்டமே நிறைவேற்றிக்கொள்ளவேண்டும். இதற்குப் பல நூறு பவுன் செலவாகும். அவ்வழியில் மணமுறிவு பெற்ற 300க்கும் மேற்பட்டோருள் பெண்கள் நால்வரே. 1845இல், முதல் மனைவி உயிரோடிருக்க மறுமணம் செய்த ஏழைத் தொழிலாளி ஒருவருக்குத் தீர்ப்பளித்த நீதிபதி மோல், அவர் ஏறியிருக்க வேண்டிய இப்படிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, சட்டம் செல்வருக்கும் ஏழைக்கும் ஒன்றுதான் என்று எள்ளலாகக் கூறினார். 1857இல் மணமுறிவுக்கெனத் தனி நீதிமன்றம் அங்கே நிறுவப்பட்டது.

அச்சட்டத்தை அடியொற்றி 1869இல் இந்திய மணமுறிவுச் சட்டம் பிறந்தது. மனைவியின் பிறழ்வு ஒன்றே கணவருக்குப் போதுமான காரணம். மனைவியோ பெரும்பாலான வழக்குகளில் கணவரின் பிறழ்வோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்கவேண்டும். இங்கிலாந்து 1923இலும் 1937இலும் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. நமது சட்டமோ அசையாமல் நின்றது.

அதனினும் பெரிய சுமை ஒன்று உண்டு. மாவட்ட நீதிபதி மணமுறிவு அளித்தாலும் அது முடிந்த தீர்ப்பன்று. உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதனை உறுதிப்படுத்தவேண்டும். தொலைவிலுள்ள ஊரில் வழக்காடி வென்ற பெண், பின்னரும் தலைநகரத்தின் தீர்ப்புக்காகக் காத்திருந்தாள். 1995இல் கேரள உயர் நீதிமன்றம் மனைவிக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை அரசியலமைப்புக்கு முரணானதென அறிவித்தது. 2001ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் காரணங்களை இருபாலர்க்கும் பொதுவாக்கியது; இருவர் இசைவால் பிரியவும் வழிசெய்தது; உயர் நீதிமன்ற உறுதிப்பாட்டையும் நீக்கியது.

வியப்பென்னவெனில், இதே இரட்டைச் சுமை நம் திருச்சபைச் சட்டத்திலும் இருந்தது. திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று ஒரு தீர்ப்பாயம் கூறினால், மற்றொரு தீர்ப்பாயமும் அவ்வாறே கூறவேண்டுமென்பது 1741இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் வகுத்த நெறி. திருமணப் பிணைப்பைக் காக்கும் நன்னோக்கமே அதன் காரணம். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த இரண்டாம் தீர்ப்பின் கட்டாயத்தை நீக்கினார். தீர்ப்பாயப் பணியாளரின் நியாயமான ஊதியத்துக்குக் குறைவின்றி, இயன்றவரை இவ்விசாரணை கட்டணமின்றி நடைபெற ஆயர் பேரவைகள் ஆவன செய்யவேண்டும் என்றும் பணித்தார்.

இவ்விரு நெறிகளையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிடையே உளர். அதனால் விளையும் இடர் பெரிது. திருச்சபைத் தீர்ப்பாயத்தின் முடிவு நாட்டுச் சட்டத்தின்முன் திருமணத்தை நீக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2017இல் மீண்டும் அதனையே வலியுறுத்தியது. அவ்வாறே நீதிமன்ற மணமுறிவு அருட்சாதனப் பிணைப்பை அவிழ்ப்பதில்லை. எனினும் உரிமைகளையோ பிள்ளைகளின் பராமரிப்பையோ உடைமையையோ காக்க வேறு வழியில்லாதபோது, அரசுச் சட்டவழி மணமுறிவை நாடுவது குற்றமாகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகிறது.

செலவைக் குறித்தும் தெளிவு வேண்டும். நீதிமன்றக் கட்டணம் வேறு; வழக்கறிஞர் கட்டணம் வேறு; ஒவ்வொரு வாய்தாவுக்கும் இழக்கும் கூலியும் பேருந்துச் செலவும் வேறு. மூன்றையும் தனித்தனியே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது அறிவுடைமை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12ஆம் பிரிவின்படி, வழக்காட நியாயமான காரணமிருப்பின், வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணையத்திலோ வட்ட அளவிலான குழுவிலோ விண்ணப்பித்தால் வழக்கறிஞர் அமர்த்தப்படுவார். மணமுறிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும் காலத்திலேயே பராமரிப்புத் தொகையையும் வழக்குச் செலவையும் கணவரிடமிருந்து மனைவி கோரலாம். அம்மனு இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிவுசெய்யப்படவேண்டும்.

சட்டம் இறக்கிவைத்த சுமையை அறியாமையால் மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்வோர் பலர். நகையை அடகு வைத்தபின் இவ்வுரிமையைக் கேள்விப்படுவதால் பயனென்ன? நற்செய்தியில் வரும் கைம்பெண்ணுக்குப் பணமில்லை, பரிந்து பேசுவாரில்லை. ஓயாது கதவைத் தட்டியே நீதி பெற்றாள். நம் பங்கிலுள்ள சகோதரியையும் அவ்வாறு தனியே தட்டவிடலாமா? பங்குப் பேரவையிலும் அன்பியக் கூட்டத்திலும் இச்செய்தியைச் சொல்வதற்கு நமக்குச் செலவு ஏதுமில்லை.